தெருவுக்கு ஒரு காவற்கண்



"ஒரு தெரு யாருக்குச் சொந்தம்?" என்று உங்களைக் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? "அரசாங்கத்துக்கு" என்று ஒருவர் சொல்லலாம். "அதில் குடியிருப்பவர்களுக்கு" என்று மற்றொருவர் சொல்லலாம். "வரி கொடுக்கும் எல்லோருக்கும்" என்று மூன்றாமவர் சொல்லலாம். மூன்று விடைகளிலும் உண்மை உண்டு. அம்மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. அந்த மோதலைத் தீர்ப்பதற்கென்று இக்காலத்தில் ஒரு கருவி வந்திருக்கிறது. தெருமுனையில் ஒரு கம்பத்தின்மேல் அமர்ந்துகொண்டு, உள்ளே நுழையும் வண்டியின் எண் பலகையைப் படிக்கும் கேமராவே அது. குடியிருப்புத் தெருக்களைக் குறுக்குவழியாகக் கொள்ளும் வண்டிகளைத் தடுப்பது அதற்கு இடப்பட்ட வேலை. அக்கருவி தீர்க்கும் தொல்லை எது, அதனால் தீராத தொல்லை எது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

"பழவேற்காட்டுப் பக்கத்து ஆசிரியர் மீனையும் இறாலையும் பற்றிப் பேசாமல் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவானேன்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊர்த் தெரு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பழவேற்காட்டு ஏரி உவர்நீர் ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டில் இருக்கிறது. தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்கே கோட்டை கட்டி வாணிகம் செய்தனர். இன்று அந்தக் கோட்டை மண்மேடாகிவிட்டது. அவர்களுடைய கல்லறைகளே எஞ்சி நிற்கின்றன. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பிலும், ஏரிக் கரையிலும் மீனவர் குப்பங்கள் பல உள்ளன. கூனங்குப்பம், கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று அவற்றின் பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்.

மீனவக் குப்பத்துத் தெரு, நகரத்தார் நினைக்கும் தெருவைப் போன்றது அன்று. அது வீட்டின் முற்றம். அங்கேதான் ஆண்கள் அமர்ந்து கிழிந்த வலையைச் சீராக்குவார்கள். அங்கேதான் பெண்கள் கருவாட்டைக் காயவைப்பார்கள். வேப்பமர நிழலில் கிழவர்கள் காற்றின் திசையைப் பற்றி வாதாடுவார்கள். பிள்ளைகளுக்கு அதுவே ஆடுகளம். பரீட்சைக் காலத்தில் மாலை வேளைகளில் அதுவே படிப்பறை. அதன் அகலம் பத்தடியோ பன்னிரண்டடியோ இருக்கும். அந்தப் பத்தடிக்குள் ஓர் ஊரின் வாழ்வு நடக்கிறது.

ஏரியைக் கடக்கப் பாலம் வந்த பிறகு எங்கள் வாழ்வு எளிதாயிற்று. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் படகை நம்பியிருந்த காலம் போயிற்று. அந்த நன்மையை ஒருநாளும் மறக்க மாட்டோம். ஆனால் பாலத்தின் வழியே நாங்கள் வெளியே போனது போலவே, வெளியாரும் உள்ளே வந்தனர். சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் கடற்கரையை நாடிக் கார்கள் வரிசை வரிசையாக வரும். பெரிய சாலையில் நெரிசல் மிகும்போது, எங்கள் பக்கத்துக் குப்பம் ஒன்றன் சந்து வழியே புகுந்து போனால் சில நிமிடங்கள் மிச்சமாகும் என்று யாரோ ஒருவர் கண்டுபிடித்தார். அவரைத் தொடர்ந்து பத்துப் பேர். பத்துப் பேரைத் தொடர்ந்து நூறு பேர். வலைமேல் சக்கரம் ஏறிற்று. காய்ந்த கருவாட்டில் புழுதி படிந்தது. பிள்ளைகள் திண்ணைக்குள் ஒடுங்கினார்கள்.

குப்பத்தார் கூடிப் பேசினார்கள். பழைய கட்டுமரத்தின் இரண்டு மரங்களைச் சந்தின் வாயில் குறுக்கே போட்டார்கள். கார்கள் நின்றன. எல்லோரும் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன்.

ஒரு நாள் இரவு அந்தச் சந்தில் ஒரு பெண்ணுக்குப் பேறுகால வலி கண்டது. அழைத்துவந்த ஆட்டோ ரிக்‌ஷா மரத்தின் முன்னே வந்து நின்றது. அந்த நேரத்தில் ஆண்களுள் பெரும்பாலோர் கடல்மேல் இருந்தனர். நனைந்த மரத்தைப் பெண்களும் கிழவர்களும் புரட்ட முடியவில்லை. கயிற்றுக் கட்டிலில் அவளைக் கிடத்தி, தெரு முழுவதும் தூக்கிக்கொண்டு ஓடினோம். தாயும் சேயும் பிழைத்தார்கள். ஆயினும் அன்றிரவு எங்களுக்கு ஒன்று புரிந்தது. மரத்துக்குக் கண் இல்லை. நண்பன் யார், அயலான் யார், அவசரம் எது, சோம்பல் எது என்று அது அறியாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்ததைக் கண்ட மக்கள் நாங்கள். ஓடுவதற்கு இருக்கும் ஒரே சந்தை மரம்போட்டு அடைத்துவைத்தோமே என்று பிறகு நாணினோம்.

மரத்தால் முடியாததைச் செய்யவே கேமரா வந்தது. இங்கிலாந்து நாட்டிலும் முதலில் பல தெருக்களைப் பூந்தொட்டிகளாலும் இரும்புக் குற்றிகளாலும் அடைத்தனர். நோயாளி வண்டிகளுக்கும் தீயணைப்பு வண்டிகளுக்கும் அவை இடையூறானபோது, பல இடங்களில் அவற்றை அகற்றிவிட்டுக் கேமராக்களை வைத்தனர். வழி திறந்தே இருக்கும். தகுதி இல்லாத வண்டி நுழைந்தால் வீட்டுக்கு அபராதச் சீட்டு வரும்.

அக்கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை அறிவியல் பயிலும் மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. கேமராவின் பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பாய்கிறது. எண் பலகை அவ்வொளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆதலால் இரவிலும் அது தெளிவாகத் தெரியும். எடுத்த படத்தில் பலகை இருக்கும் நீள்சதுரத்தைக் கணிப்பொறி முதலில் தேடிக் கண்டுபிடிக்கிறது. பிறகு எழுத்துகளையும் எண்களையும் தனித்தனியே பிரித்துப் படிக்கிறது. படித்த எண்ணை, "இவர்கள் செல்லலாம்" என்று எழுதிவைத்த பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இருந்தால் விட்டுவிடுகிறது; இல்லையென்றால் படத்தை எடுத்துவைக்கிறது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து தயாரிக்கப்படும் புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான பாதுகாப்பு எண் பலகை கட்டாயமாக்கப்பட்டது. கேமரா பிழையின்றிப் படிக்க அது பெரிதும் உதவுகிறது. ஆயினும் சேறு படிந்த பலகையையும், கோணிப்போன பலகையையும் அது தவறாகப் படிக்கும். ஆங்கில எழுத்தாகிய ஓவையும் சுழியத்தையும் மாற்றிப் படிக்கும். ஆகவே அபராதம் விதிப்பதற்கு முன் ஒரு மனிதர் அந்தப் படத்தைப் பார்த்தே தீரவேண்டும். விடைத்தாளை இருமுறை பார்க்காத ஆசிரியர் மாணவனுக்கு இழைக்கும் அநீதியை நான் அறிவேன். இதுவும் அதைப் போன்றதே.

இனி, குறுக்குவழி என்னும் நோயின் வேரைப் பார்ப்போம். முற்காலத்தில் குறுக்குவழி என்பது உள்ளூரார் மட்டும் அறிந்த இரகசியம். தபால்காரரும் பால்காரரும் அதை அறிவார்கள். இன்று கைப்பேசியில் உள்ள வழிகாட்டி வரைபடம் அந்த இரகசியத்தை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது. எங்கே நெரிசல் என்பதை அறிந்து, "இந்தச் சந்தில் திரும்பு" என்று ஆயிரம் பேருக்கு ஒரே வேளையில் கட்டளையிடுகிறது. சந்தில் குழந்தை விளையாடுகிறதா, கருவாடு காய்கிறதா என்பதை அது அறியாது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் லியோனியா என்னும் சிற்றூர் இருக்கிறது. நியூயார்க் நகருக்குள் செல்லும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் அதன் அருகில் உள்ளது. பாலத்தை நாடிய கார்களைக் கைப்பேசிகள் அச்சிற்றூரின் தெருக்களில் திருப்பிவிட்டன. காலையில் சொந்த வீட்டு வாயிலைவிட்டு வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை என்று ஊரார் முறையிட்டனர். 2018ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் முதல், நெரிசல் வேளைகளில் ஏறக்குறைய 60 தெருக்களை அவ்வூர் வெளியாருக்கு அடைத்துவிட்டது. உள்ளூரார் தம் கார்களில் மஞ்சள் அட்டை தொங்கவிட வேண்டும். மீறி நுழைவோர்க்கு அபராதம் 200 டாலர். நடந்தது என்ன? அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்றது. மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலைப் பெறாமல் ஓர் ஊர் தானாகவே பொதுத் தெருவை அடைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். எங்கள் குப்பத்தார் மரம் போட்டதும் அத்தகைய தவறே என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தெருவில் வண்டி மிகுந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பார்க்கு இரண்டு அறிஞர்களைச் சுட்டிக்காட்டுவேன். பிரிட்டனில் கொலின் புகானன் என்பவர் தலைமையில் அமைந்த குழு 1963ஆம் ஆண்டில், நகரங்களில் போக்குவரத்து என்பது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு வீட்டில் அறைகளும் நடைவழியும் தனித்தனியே இருப்பது போல, நகரத்திலும் மக்கள் வாழும் பகுதி வேறு, வண்டிகள் ஓடும் வழி வேறு என்று பிரிக்கவேண்டும் என்பது அதன் கருத்து. படுக்கை அறை வழியாகப் பொதுப்பாதை விடுவார் உண்டோ?

மற்றொருவர் டொனால்டு ஆப்பிள்யார்டு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒன்றையொன்று ஒத்த மூன்று தெருக்களை அவர் ஆராய்ந்தார். ஒன்றில் நாளொன்றுக்கு 2,000 வண்டிகள், இரண்டாவதில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவர்க்கு அதே தெருவில் சராசரி மூன்று நண்பர்கள் இருந்தார்கள். நடுத்தரமான தெருவில் அத்தொகை 1.3 ஆகக் குறைந்தது. வண்டி மிகுந்த தெருவிலோ ஒருவர்க்கு ஒரு நண்பர்கூட முழுதாக இல்லை, 0.9 தான். வண்டிகள் பெருகப் பெருக எதிர்வீட்டாரும் அயலாராகிவிட்டனர். இந்த ஆய்வை விரித்து அவர் எழுதிய நூல் 1981ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே, ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த ஒரு கார் மோதி அவர் உயிர் நீத்தார். தெருவின் அமைதிக்காக வாழ்நாளைச் செலவிட்டவர் தெருவிலேயே மாண்டார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

நம் நாட்டிலும் நிலைமை கொடிது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவருள் ஐந்தில் ஒரு பங்கினர் நடந்து சென்றவர்கள். வண்டி ஏறாதவர்கள் வண்டியால் மாண்டார்கள்.

ஆகவே குறுக்குவழி வண்டிகளைத் தடுப்பது நியாயமே. நம் சட்டமும் அதற்கு இடம் தருகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, ஒரு சாலையிலோ ஒரு பகுதியிலோ மோட்டார் வண்டிகளைத் தடைசெய்யவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கும், அது அதிகாரம் அளித்தவர்களுக்கும் உரிமை உண்டு. யார் யாருக்கு விலக்கு என்பதையும் அவ்வறிவிப்பிலேயே சொல்லலாம். உரிய அடையாளப் பலகைகளையும் வைக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 136-ஏ என்னும் பிரிவு கேமரா முதலிய மின்னணுக் கருவிகளால் சாலைவிதிகளைக் கண்காணிக்க வழிசெய்தது. 2021ஆம் ஆண்டில் அதற்கு விதிகள் வகுத்தபோது, கேமரா இருக்கும் இடத்துக்கு முன்னதாகவே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்றும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்கள். ஒளிந்திருந்து பிடிப்பது நோக்கமன்று என்பதை இதனால் அறியலாம். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 726 கேமராக்களை நிறுவி, 2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினர். அவை பெரும்பாலும் தலைக்கவசம், இருக்கைப் பட்டை போன்ற விதிகளுக்காக வைத்தவை. கருவி வந்துவிட்டது, இனிக் குடியிருப்புத் தெருவுக்கும் அது வரக்கூடும்.

எங்கள் குப்பத்து இளைஞர்களும் இதையே சொன்னார்கள். அவர்களுள் சிலர் என்னிடம் பயின்றவர்கள். கல்லூரி வரை சென்றவர்கள். "மரம் வேண்டாம், ஐயா, கேமரா கேட்போம். நம் வண்டிகளின் எண்களைப் பட்டியலில் எழுதிவிட்டால் போதும்" என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் தலையசைத்தார்கள். அப்போது கடைசியில் அமர்ந்திருந்த ஒரு கிழவர் எழுந்தார். படிக்காதவர், ஐம்பது ஆண்டுகள் கடல் கண்டவர்.

"எல்லாம் சரி, வாத்தியாரய்யா. மரத்தைப் போட்டோமே, அந்தக் கார்கள் எல்லாம் எங்கே போயின?" என்று கேட்டார்.

கூட்டம் வாயடைத்துப்போயிற்று. ஏனெனில் விடை எல்லோருக்கும் தெரியும். கார்கள் கடற்கரைக்கு வருவதை நிறுத்தவில்லை. அடுத்த குப்பத்தின் சந்தில் திரும்பின. அந்தச் சந்து எங்களுடையதைவிடக் குறுகலானது. மூன்று வாரங்களுக்கு முன் அங்கே ஒரு சிறுவன் கார் மோதிக் கால் முறிந்து கிடந்தான். நாங்கள் போட்ட மரம் எங்கள் பிள்ளைகளைக் காத்தது. வேறொருவர் பிள்ளையின் காலை ஒடித்தது. அதுவரை அந்த இரண்டையும் சேர்த்து நான் எண்ணவில்லை. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், வீட்டு வாயிலில் கழித்ததை அடுத்த தெருவில் கூட்டிப் பார்க்க மறந்துவிட்டேன்.

கிழவர் கேட்ட கேள்வி உலகம் முழுவதும் கேட்கப்பட்ட கேள்விதான். சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், நகரின் நடுப்பகுதிக்குள் காலை நேரத்தில் நுழையும் கார்கள் மூன்று வெள்ளி கொடுத்து உரிமச் சீட்டு வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று விதித்தனர். எல்லையில் வளைவுகளை அமைத்து, காவலர்கள் நின்று கண்ணாலேயே பார்த்தனர். உள்ளே கார்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் எல்லையைச் சுற்றியிருந்த சாலைகளில், உள்ளே நுழையாமல் தப்பிச் செல்லும் கார்கள் பெருகி அங்கே நெரிசலை உண்டாக்கின. சிங்கப்பூர் அரசு அதைக் கண்டு விதியைப் பலமுறை திருத்திற்று. 1998ஆம் ஆண்டில் காவலரின் கண்ணுக்குப் பதிலாக மின்னணுக் கருவியும் கேமராவும் வந்தன. கண் மாறுவதற்கு முன் 23 ஆண்டுகள் விதியைச் சீர்செய்ததே அந்நகரத்தின் வெற்றி.

இலண்டன் மாநகரத்தின் பாடமும் இதுதான். 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், நகரின் நடுப்பகுதிக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்து, கேமராவால் எண் பலகையைப் படித்து வசூலிக்கத் தொடங்கினர். பின்னர்க் குடியிருப்புத் தெருக்களிலும் குறுக்குவழியை அடைக்கும் திட்டங்கள் வந்தன. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் அவை பலவாகப் பெருகின. வால்தம் ஃபாரஸ்ட் என்னும் பகுதியில் ஆராய்ந்தவர்கள், அடைத்த தெருக்களுக்குள் விபத்துக் காயங்கள் நன்றாகக் குறைந்தன என்றும், எல்லைச் சாலைகளில் அவை கூடியதாகத் தெரியவில்லை என்றும் கண்டனர். நன்றாகத் திட்டமிட்டால் நன்மை உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் லாம்பெத் பகுதியில் ஸ்ட்ரெட்டம் வெல்ஸ் என்னும் இடத்தில் செய்த திட்டம் பக்கத்துப் பெருஞ்சாலையில் பேருந்துகளை மணிக்கணக்கில் நிறுத்திவைத்தது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதைக் கைவிட நேர்ந்தது. தெருவில் அமைதி, பேருந்தில் போகும் ஏழைக்குத் துன்பம். அதே லாம்பெத்தின் வெஸ்ட் டல்லிச் என்னும் இடத்துத் திட்டத்தைப் பற்றி 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கு வாழ்ந்த மக்கள் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த குறைகளை மன்றத்தார் கருத்தில் கொள்ளத் தவறினர். ஆகவே அத்திட்டம் சட்டத்துக்கு ஒவ்வாதது என்பது தீர்ப்பு. கேமரா பழுதாகவில்லை, எண் பலகையைத் தவறாகப் படிக்கவும் இல்லை. கண் சரியாக இருந்தது, காதுதான் கேட்கவில்லை.

மாணவர்களே, இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றே. கண்ணைக் கம்பத்தில் ஏற்றுவதற்கு முன் காதைத் திறந்துவைக்க வேண்டும்.

இந்த உண்மையைக் கற்க நாங்கள் இலண்டனுக்குப் போகவேண்டியதில்லை. எங்கள் ஏரியிலேயே அது இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் ஏரியில் சிலவே. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் சண்டையும் மிஞ்சும், இறாலும் அழியும். ஆதலால், இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்துக்கொண்டார்கள். ஏரியில் கம்பமும் இல்லை, கேமராவும் இல்லை. இன்றைக்கு விலகி நிற்பவன் நாளைக்குத் தன் முறை வரும் என்று அறிவான். விதியைக் காப்பவனும் விதிக்குக் கட்டுப்பட்டவனே. விதி மதிக்கப்படுவதற்கு அது காரணம்.

ஆயினும் பாட்டு முறையில் குறையே இல்லை என்று சொன்னால் உண்மை ஆகாது. பாட்டு உரிமை இன்ன ஊராருக்கு, இன்ன குலத்தாருக்கு என்று வகுத்தது. அந்த வட்டத்துக்கு வெளியே நின்று, அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் மற்றவர்கள் "எங்களுக்கு முறை எப்போது?" என்று கேட்டார்கள். அதனால் வழக்கும் பகையும் மூண்டன. உள்ளே இருப்பவர்க்கு எது நீதியோ, அது வெளியே நிற்பவர்க்குக் கதவாகத் தெரியும். தெருவுக்குப் பட்டியல் எழுதுவோர் இதை மறக்கலாகாது.

எங்கள் கூட்டத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கிழவர் கேள்வி கேட்ட மறுவாரம், அடுத்த குப்பத்தாரையும் அழைத்து ஒன்றாக அமர்ந்தோம். முதலில் அவர்கள் எங்களைக் கடிந்தார்கள். அதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. பிறகு பட்டியல் எழுதத் தொடங்கினோம். "வெளியூர் வண்டி எதையும் விடக்கூடாது" என்று ஓர் இளைஞர் சொன்னார். உடனே மீன் விற்கும் ஓர் அம்மாள் எழுந்து, "தம்பி, மீன் எடுக்க வருகிற வியாபாரியின் வண்டி எந்த ஊர் வண்டி? ஐஸ் கொண்டுவருகிற வண்டி எந்த ஊர் வண்டி? அவற்றை நிறுத்திவிட்டால் என் கூடையை நீ வாங்கிக்கொள்வாயா?" என்று கேட்டார். இளைஞர் சிரித்துவிட்டுத் தம் சொல்லைத் திரும்பப் பெற்றார். இப்படி ஒவ்வொருவராகப் பேசியபோதுதான், எதைத் தடுக்க விரும்புகிறோம் என்பதே எங்களுக்குத் தெளிவாயிற்று. தெருவில் வேலை உள்ள வண்டியை நாங்கள் வெறுக்கவில்லை. தெருவில் வேலை இல்லாமல் அதை மிதித்துப் போகும் வண்டியையே தடுக்க விரும்பினோம்.

மரங்களை எடுத்துவிட்டோம். பெரிய சாலையின் ஓரத்தில் கார்களை நிறுத்தப் பொதுவாக ஒரு மணல்திடலை ஒழுங்குசெய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குப்பத்து இளைஞர்களும் முறைவைத்துக்கொண்டு, இரண்டு சந்துகளின் வாயிலிலும் நின்று, வருவோர்க்குப் பணிவாக வழி சொல்கிறார்கள். அதற்கும் பாடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதிகாரிகளுக்கு மனு ஒன்றும் எழுதினோம். இரண்டு சந்துகளையும் சேர்த்து விதிக்க வேண்டும். விலக்குப் பட்டியலை ஊர்க்கூட்டத்தில் படிக்க வேண்டும். குற்றம் செய்யாதவர்களின் படங்களை உடனே அழித்துவிட வேண்டும் என்பவை அதில் உள்ள கோரிக்கைகள். தனிமனிதனின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள் அல்லவா? தெருவைக் காக்க வந்த கண், யார் வீட்டுக்கு யார் வந்தார் என்று கணக்கு எழுதக்கூடாது.

கேமரா இன்னும் வரவில்லை. வந்தால் வரவேற்போம். இளைஞர்கள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நிற்பார்கள்? சிலர் அவர்களோடு சண்டைக்கு வருவதும் உண்டு. சலிப்பும் அச்சமும் அறியாத ஒரு காவற்கண் அவர்களுக்குத் துணையாக இருப்பது நல்லதே. ஆனால் விதியை அது வகுக்கவில்லை. இரண்டு குப்பத்தாரும் கூடி வகுத்தார்கள். அதனால்தான் அது நிலைக்கும் என்று நம்புகிறேன்.

நேயர்களே, ஆசிரியன் பேசினால் வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிக்கமாட்டான். மாணவர்களுக்கு ஒரு சிறிய பணி தருகிறேன். ஒரு நாள் மாலை, ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவின் ஓரமாக, பாதுகாப்பான ஓரிடத்தில் ஒரு மணி நேரம் அமருங்கள். எத்தனை வண்டிகள் உங்கள் தெருவில் வேலையாக வந்து நின்றன, எத்தனை நிற்காமல் கடந்து ஓடின என்று இரண்டு வரிசையாகக் குறியுங்கள். அது பாதி வேலைதான். மறுநாள் அடுத்த தெருவுக்குச் சென்று, அங்கும் ஒரு மணி நேரம் அமர்ந்து எண்ணுங்கள். உங்கள் தெருவை அடைத்தால் அந்த வண்டிகள் இந்தத் தெருவில் யார் வீட்டுப் பிள்ளையின் முன்னால் வந்து நிற்கும் என்று பாருங்கள். அந்தப் பிள்ளையின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு, உங்கள் தெருவைக் காக்கும் வழியை எண்ணத் தொடங்குங்கள்.